நாணயத்தால் எழுந்த துறைமுகம்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் வளர்ச்சிப் பொருளாதாரம் கற்பித்தேன். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் என் பாடக் குறிப்புகளில் ஒரு பிழை இருந்தது. எண்ணெய் வளத்தால் செல்வம் பெற்ற நாடுகள் என்ற பட்டியலில் குவைத், சவூதி அரேபியா, கத்தார் ஆகியவற்றோடு துபாயையும் சேர்த்து எழுதியிருந்தேன். ஒருநாள் வகுப்பு முடிந்த பிறகு ஒரு மாணவர் தயங்கியபடி என்னிடம் வந்தார். அவருடைய தந்தை துபாயில் துறைமுகக் கட்டுமானத்தில் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர். எண்ணெய் அபுதாபியில்தான் அதிகம், துபாயின் சொத்து துறைமுகம்தான் என்று தந்தை வீட்டில் அடிக்கடி சொல்வார் என்றார் அந்த மாணவர். பயணத்துக்காக முகவருக்குக் கொடுத்த பணத்தின் கடனை அடைக்கத் தந்தைக்கு மூன்று ஆண்டுகள் ஆயின என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் செய்தியைச் சரிபார்க்க அன்று மாலையே நூலகத்துக்குச் சென்றேன். மாணவர் சொன்னது சரி. அந்தத் தேடல் என்னை ஒரு மனிதரின் வாழ்க்கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1958 முதல் 1990 வரை துபாயை ஆண்ட ஷேக் ராஷித் பின் சயீத் அல் மக்தூம்தான் அவர். மாணவர் சொன்ன இரண்டாவது செய்தியின் முழுப் பொருள் விளங்க எனக்கு இன்னும் நீண்ட காலம் ஆயிற்று.

ராஷித் சொன்னதாகப் பல வாசகங்கள் இன்று வாட்ஸ்அப்பில் உலவுகின்றன. அவற்றை ஒதுக்கிவிடுகிறேன். அவர் சொன்னவற்றைவிடச் செய்தவையே தெளிவாகப் பேசுகின்றன.

முத்துக் குளித்த ஊர்

1833இல் அபுதாபியை ஆண்ட பனியாஸ் பழங்குடியிலிருந்து சுமார் 800 பேர் பிரிந்து வந்து, பாரசீக வளைகுடாக் கரையில் ஓர் உப்பங்கழியின் ஓரமாகக் குடியேறினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய மக்தூம் குடும்பமே இன்றுவரை அங்கு ஆட்சியில் இருக்கிறது. விளைநிலம் இல்லை, குடிநீரும் அரிது. மீன்பிடித்தலும் முத்துக்குளித்தலும் சிறு வாணிபமுமே பிழைப்பு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு திருப்பம் நேர்ந்தது. எதிர்க்கரையில் இருந்த பாரசீகத் துறைமுகமான லிங்காவில் பாரசீக அரசு சுங்க வரியை இறுக்கியது. அதே நேரத்தில் துபாயின் அன்றைய ஆட்சியாளர் சுங்கத்தை நீக்கி, அயலூர் வணிகர்களை வரவேற்றார். லிங்காவின் வணிகர்கள் கடலைக் கடந்து வந்தனர். அவர்கள் கட்டிய காற்றுக் கோபுர வீடுகள் நிறைந்த பகுதி, அவர்களுடைய சொந்த ஊரான பஸ்தக்கின் பெயரால் பஸ்தகியா என்றே வழங்கலாயிற்று. அண்டை வீட்டுக்காரர் கதவை அடைக்கும்போது தன் கதவைத் திறந்துவைப்பது என்பதே அன்று முதல் துபாயின் பொருளாதாரக் கொள்கை. பிற்காலத்தில் நடந்த பலவற்றை இந்த ஒரு விதியைக் கொண்டே விளக்கிவிடலாம்.

ராஷித் 1912இல் பிறந்தார். அவருடைய தந்தை ஷேக் சயீத் ஆட்சிக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். தாய் ஷேகா ஹுஸ்ஸா வணிகத்தையும் ஊர் நடப்பையும் நன்கு அறிந்த, செல்வாக்கு மிக்க பெண்மணி. ராஷித் படித்த அஹ்மதியா பள்ளியைத் தொடங்கியவரும் ஒரு முத்து வணிகர்தான். அவருடைய இளமையில் ஊரின் மூச்சே முத்தாக இருந்தது. வளைகுடாவில் எடுத்த முத்து பம்பாய்ச் சந்தைக்கு வந்தது. பம்பாயிலிருந்து அரிசியும் துணியும் மரமும் அங்கே சென்றன. புழங்கிய பணமும் இந்திய ரூபாயே.

அந்தத் தொழிலுக்குள் ஒரு கொடுமை இருந்தது. முத்துக்குளிப்பவர்கள் பருவம் தொடங்கும் முன்பே படகுத் தலைவரிடம் முன்பணம் வாங்குவார்கள். பருவ முடிவில் கணக்குப் பார்த்தால் கடன் தீராது. மிச்சக் கடன் அடுத்த பருவத்துக்கும், பல வேளைகளில் அடுத்த தலைமுறைக்கும் சென்றது. மூச்சடக்கிக் கடலடிக்குச் சென்றவர்கள் கரையேறிய பிறகும் கடனில் மூழ்கியே கிடந்தார்கள்.

1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தமும், ஜப்பானில் மிக்கிமோட்டோ வழிகாட்டிய வளர்ப்பு முத்தும் சேர்ந்து இந்தத் தொழிலைச் சில ஆண்டுகளில் சாய்த்தன. இரண்டாம் உலகப் போரின்போது அந்தக் கரையில் பசி தலைவிரித்தாடியது. ஒரே பொருளை நம்பி வாழும் ஊர் எப்படி ஒரே அடியில் விழும் என்பதை ராஷித் தம் இருபதுகளில் கண்ணால் கண்டார். பிற்காலத்தில் எண்ணெய் கிடைத்தபோது அதை மட்டும் நம்பிவிடாமல் அவரைத் தடுத்தது இந்த நினைவே என்பது என் கருத்து.

திருமண நாளில் முடிந்த சபை

ராஷிதின் வாழ்க்கையைப் போற்றி எழுதுவோர் பலர் விரைவாகக் கடந்துபோகும் அத்தியாயம் ஒன்று உண்டு. 1930களில் ஆட்சியாளருக்குப் புதிய வருமானங்கள் வந்தன. 1937இல் எண்ணெய் தேடுவதற்கான உரிமம் தரப்பட்டது. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தின் நீர்விமானங்கள் உப்பங்கழியில் இறங்கவும் ஒப்பந்தம் ஆயிற்று. இரண்டுக்குமான தொகை ஆட்சியாளரின் கைக்கே சென்றது. முத்து வணிகம் வீழ்ந்து நொடித்துப் போயிருந்த வணிகர்கள், ஆளும் குடும்பத்தின் உறவினர் சிலரோடு சேர்ந்து, ஊர் வருமானத்தில் ஊருக்குப் பங்கு வேண்டும் என்று கேட்டனர்.

1938 அக்டோபரில் பதினைந்து பேர் கொண்ட ஒரு சபை அமைந்தது. சுங்கத்தை ஒழுங்குபடுத்துவது, பள்ளிகள் நடத்துவது, நகரைச் சீரமைப்பது என்று அது திட்டமிட்டது. வருமானத்தில் எட்டில் ஏழு பங்கைச் சபையின் பொறுப்பில் விட்டு, ஒரு பங்கை மட்டும் ஆட்சியாளர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கையையும் எழுப்பியது. சில மாதங்களே அது நீடித்தது. 1939 மார்ச்சில் ராஷிதுக்கும் அபுதாபி ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த ஷேகா லத்தீஃபாவுக்கும் திருமணம் நடந்தது. திருமணத்துக்கென எதிர்த்தரப்பின் கோட்டையான தேரா பகுதிக்குள் வந்த ஆயுதமேந்திய பழங்குடியினர் அதைக் கைப்பற்றினர். சிலர் உயிரிழந்தனர், மற்றவர்கள் ஷார்ஜாவுக்குத் தப்பியோடினர். சபை கலைந்தது. அதன்பின் தந்தையின் பெயரில் நிர்வாகத்தை நடத்தியவர் பெரும்பாலும் ராஷித்தான்.

இதில் வியப்பான ஒன்று உண்டு. அந்தச் சபை கேட்ட பள்ளி, சுங்கச் சீர்திருத்தம், நகராட்சி, சாலை ஆகிய அனைத்தையும் பின்னாளில் ராஷிதே செய்துமுடித்தார். வணிகர்களைப் பகைக்காமல் வணிக முகமைகள், உரிமங்கள், நிறுவனப் பங்குகள் வழியாகத் தம் திட்டங்களில் அவர்களைப் பங்காளிகள் ஆக்கினார். சபையின் கோரிக்கைகளில் அவர் ஏற்காதது ஒன்றே ஒன்று: கணக்குக் கேட்கும் உரிமை. வளத்தைப் பகிர்ந்தார், அதிகாரத்தைப் பகிரவில்லை.

தூர்வாரிய துணிவு

1958இல் தந்தை மறைந்து ராஷித் முறைப்படி ஆட்சிக்கு வந்தபோது, துபாயின் உயிர்நாடியான உப்பங்கழி மணலால் தூர்ந்துகொண்டிருந்தது. பெரிய கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் பயணிகளும் தோணிகளில் ஏறி இறங்கினர். அதில் இருந்த இடர் 1961 ஏப்ரலில் உலகுக்கே தெரிந்தது. பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் இடையே ஓடிய தாரா என்ற கப்பல் துபாய்க்கு வெளியே நங்கூரமிட்டிருந்தபோது புயல் எழுந்தது. ஆழ்கடலுக்கு விலகிச் சென்ற அந்தக் கப்பலில் வெடிப்பு நேர்ந்து, ஏறக்குறைய 240 பேர் இறந்தனர். வெடிப்புக்கும் துறைமுகத்துக்கும் தொடர்பில்லைதான். ஆனால் புயலின்போது ஒதுங்கி நிற்கத் தகுந்த துறை அன்று துபாயில் இல்லை.

ஏரியும் குளமும் தூர்வாராமல் போனால் ஊர் என்னவாகும் என்பது நமக்குத் தெரிந்ததே. ராஷிதுக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் கையில் பணம் இல்லை. ஹால்க்ரோ என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனம் தயாரித்த மதிப்பீடு, ஊரின் ஆண்டு வருமானத்தைப் பல மடங்கு தாண்டியது. அவர் கடன் வாங்கினார். குவைத்தின் ஆட்சியாளர் ஒரு பெரும் பகுதியைக் கடனாகத் தந்தார்; மீதிக்கு உள்ளூர் வணிகர்களிடம் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன. 1959இல் பணி தொடங்கியது. 500 டன் வரையிலான கப்பல்கள் கழிக்குள் வரத்தக்க ஆழம் கிடைத்தது. தோண்டியெடுத்த மணலைக் கொட்டிக் கரையோரத்தில் புதிய நிலம் உருவாக்கி, அந்த நிலத்தையும் விற்றுக் கடனுக்கு ஈடுகட்டினார். அதே காலத்தில் அண்டை ஷார்ஜாவின் கழி தூர்ந்துபோனது. அங்கிருந்த வணிகம் துபாயை நோக்கித் திரும்பியது.

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள். ஒன்று பணம்; மற்றொன்று சொன்ன சொல் தவறாத நேர்மை. ராஷிதிடம் முதலாவது குறைவாக இருந்தபோது இரண்டாவதை வைத்து முதலாவதைத் திரட்டினார். கடன் கொடுத்த வணிகருக்குப் பணம் திரும்பி வந்ததோடு, ஆழப்படுத்திய கழியால் வணிகமும் பெருகியது. கடனைக் கண்டு அஞ்ச வேண்டாம், அது எதற்காக வாங்கப்படுகிறது என்பதே கேள்வி என்று பொருளியலில் நாங்கள் கற்பிக்கிறோம். அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பணிகள் நடந்தன. விமான நிலையம் ஷார்ஜாவில் ஏற்கெனவே இருக்கிறதே, துபாய்க்குத் தனியாக எதற்கு என்பது பிரிட்டிஷ் அதிகாரிகளின் எண்ணம். ராஷித் பிடிவாதமாக நின்றார். இறுக்கிய மணலையே ஓடுபாதையாகக் கொண்ட விமான நிலையம் 1960இல் திறக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் தார் ஓடுபாதை வந்தது. ஜான் ஹாரிஸ் என்ற கட்டடக் கலைஞர் நகர வளர்ச்சிக்கான வரைபடத்தை 1960இல் தந்தார். அடுத்த ஆண்டு மின்சாரம் வந்தது. 1963இல் கழியின் குறுக்கே மக்தூம் பாலம் எழுந்தது. அதற்கான பணத்தைக் கொடுத்தவர் ராஷிதின் மருமகனான கத்தார் ஆட்சியாளர். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் இந்தப் பணியிடங்களைச் சுற்றிப் பார்ப்பது ராஷிதின் வழக்கம். பின்னர் தம் மஜ்லிஸில் அமர்ந்து, வருவோரின் முறையீடுகளை நேரில் கேட்பார்.

இவை அனைத்தும் எண்ணெய் கிடைப்பதற்கு முன் நடந்தவை. என் பாடக் குறிப்பின் பிழை இங்கேதான் இருந்தது.

நாம் அடைத்த கதவு

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. விடுதலைக்குப் பின் இந்தியா தங்க இறக்குமதியைத் தடைசெய்தது. நம் மக்களின் தங்க ஆசையோ குறையவில்லை. துபாயில் தங்கத்தை வாங்குவதும் விற்பதும் ஏற்றுமதி செய்வதும் சட்டப்படி சரியே. அங்கே முறையாக ஏற்றப்பட்ட தங்கம், இந்தியாவின் மேற்குக் கரையை அடையும்போது மட்டும் கடத்தல் பொருளாயிற்று. வளைகுடாவில் இந்திய ரூபாய் புழங்கியதால் நம் அந்நியச் செலாவணி அந்த வழியே கசிந்தது. அதைத் தடுக்கவே 1959இல் வளைகுடாவுக்கென்று தனி ரூபாய்த் தாள்களை இந்தியா வெளியிட்டது.

1966 ஜூனில் டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்த மாற்று விகிதத்தை இந்தியா 7.50 ஆக்கியது. வளைகுடாவில் ரூபாயைச் சேமிப்பாக வைத்திருந்தவர்களின் செல்வம் ஒரே நாளில் சுருங்கியது. துபாய் ரூபாயைக் கைவிட்டு, கத்தாரோடு சேர்ந்து புதிய ரியாலுக்கு மாறியது. 1973இல் திர்ஹம் வந்தது. தலைமுறை தலைமுறையாக பம்பாயைச் சார்ந்திருந்த ஒரு கரை, இப்படித்தான் நம் பணத்திடமிருந்து விலகிச் சென்றது. லிங்காவில் பாரசீகம் செய்ததைத்தான் தங்கத்திலும் ரூபாயிலும் நாம் செய்தோம். நம் கொள்கைகளுக்கு அன்றைய சூழலில் காரணங்கள் இருந்தன. அவற்றின் ஆதாயம் துபாய்க்குப் போனது.

எண்ணெயும் அதற்கு அப்பாலும்

அதே 1966இல் கடலுக்குள் ஃபதே என்ற எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. 1969இல் ஏற்றுமதி தொடங்கியது. அபுதாபியின் வளத்தோடு ஒப்பிட்டால் இது சிறியது. நீண்ட காலம் நீடிக்கவும் நீடிக்காது. 1991 அளவில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கியது. கிடைத்த பணத்தை ராஷித் மறுபடியும் துறைமுகத்திலேயே போட்டார். நான்கு கப்பல்துறைகளுடன் திட்டமிட்ட ராஷித் துறைமுகம், கட்டும்போதே பல மடங்கு விரிவாக்கப்பட்டு 1972இல் திறக்கப்பட்டது. 1975இல் கழியின் அடியே சுரங்கச் சாலை வந்தது.

இடையே அரசியலும் மாறியது. வளைகுடாவிலிருந்து 1971க்குள் வெளியேறப் போவதாக 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தது. அடுத்த மாதமே ராஷிதும் அபுதாபி ஆட்சியாளர் ஷேக் சயீத் பின் சுல்தானும் பாலைவன எல்லையில் சந்தித்து, இணைவது என்று முடிவுசெய்தனர். 1971 டிசம்பர் 2இல் ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தது. ராஷித் துணைக் குடியரசுத் தலைவரானார். 1979 முதல் பிரதமர் பொறுப்பையும் வகித்தார். கூட்டாட்சியின் பாதுகாப்பை ஏற்றாலும், துபாயின் வணிகச் சுதந்திரத்தை மையத்திடம் விட்டுத்தர அவர் இறுதிவரை தயங்கினார்.

1979ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையின் உச்சம். 39 மாடிகள் கொண்ட உலக வர்த்தக மையத்தை அவ்வாண்டு எலிசபெத் அரசி திறந்துவைத்தார். சுற்றிலும் வெறும் மணல். நகரிலிருந்து வெகு தொலைவில் இப்படியொரு கட்டடம் எதற்கு என்று அன்று பலரும் கேட்டனர்; பின்னாளில் 100 திர்ஹம் தாளில் அதன் படமே இடம்பெற்றது. நகருக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், மணலைத் தோண்டி, 67 கப்பல்துறைகளோடு ஜெபல் அலி துறைமுகம் உருவானது. மனிதர் தோண்டிய துறைமுகங்களில் உலகிலேயே பெரியது அது. அலுமினிய ஆலையும் அதே காலத்தில் வந்தது.

ஆனால் ஜெபல் அலியில் கப்பல்கள் வந்து குவிந்துவிடவில்லை. ராஷித் துறைமுகமே போதுமானதாக இருந்தது. ஈரான், ஈராக் போர் மூண்டது. எண்ணெய் விலையும் சரிந்தது. துறைமுகத்தின் பெரும்பகுதி வெறுமனே கிடந்தது. 1985இல் அங்கே கட்டற்ற வணிக மண்டலம் அமைத்து, அயல்நாட்டு நிறுவனங்கள் உள்ளூர்ப் பங்காளி இன்றி முழு உரிமையுடன் தொழில் நடத்தலாம், வரியும் இல்லை என்று அறிவித்த பிறகே அது உயிர்பெற்றது. எமிரேட்ஸ் விமான நிறுவனம் வாடகை விமானங்களோடு தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அதன் முதல் பயணம் கராச்சிக்கு.

தேவை வரும் முன்பே கட்டிவைப்பது ஒரு பந்தயம். கழியில் அது உடனே வென்றது. ஜெபல் அலியில் வெல்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. இதே முறையைத் தொடர்ந்த பிற்காலத்தில் ஒருமுறை தோற்கவும் செய்தது. 2009 நவம்பரில் துபாய் வேர்ல்டு என்ற அரசு நிறுவனம் கடனைத் திருப்பித் தர அவகாசம் கேட்டபோது உலகச் சந்தைகள் அதிர்ந்தன. அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்துக் கைதூக்கிவிட்டது. 2010 ஜனவரியில் திறக்கப்பட்ட உலகின் மிக உயர்ந்த கோபுரம், அபுதாபி ஆட்சியாளரின் பெயரால் புர்ஜ் கலீஃபா ஆயிற்று. கழியைத் தூர்வார வாங்கிய கடனும், கோபுரங்களும் செயற்கைத் தீவுகளும் எழுப்ப வாங்கிய கடனும் பேரேட்டில் ஒரே பத்தியில் வரலாம். முதலாவது சரக்கை ஏற்றி இறக்கித் தானே அடைபட்டது. இரண்டாவது நிலவிலை ஏறும் என்ற எதிர்பார்ப்பை நம்பியிருந்தது.

கணக்கில் வராத கடன்

1968இல் சுமார் 59 ஆயிரமாக இருந்த துபாயின் மக்கள்தொகை 1975இல் 1.83 லட்சமாகவும், 1985இல் 3.7 லட்சமாகவும் பெருகியது. பெருகியவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். இந்தியர்கள் அங்கே புதியவர்கள் அல்லர். சிந்தி வணிகர்கள் முத்துக் காலத்திலிருந்தே கழிக்கரையில் கடை நடத்தினர். தமிழகத்திலிருந்து கீழக்கரை வணிகர் பி.எஸ்.அப்துர் ரகுமான் 1973இல் அங்கே கால்பதித்துப் பெரும் நிறுவனத்தை வளர்த்தார். அதன் வழியாகத் தமிழர் பலர் வேலை பெற்றனர். பிற மதத்தவர் தம் வழிபாட்டை நடத்திக்கொள்ள ராஷித் இடம் தந்தார். வந்தவரின் மதத்தையும் நாட்டையும் பார்க்காமல் தொழிலைப் பார்த்த அந்தப் பெருந்தன்மையைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. துபாயிலிருந்து வந்த பணத்தால் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஆயினும் மாணவர் சொன்ன அந்த மூன்றாண்டுக் கடனை என்னால் மறக்க முடியவில்லை. வேலைக்கு வருபவரின் விசாவைப் பணியமர்த்துபவரோடு பிணைக்கும் கஃபாலா முறை, தொழிலாளி விருப்பப்படி வேலை மாறுவதைத் தடுத்தது. சங்கம் அமைக்கவோ வேலைநிறுத்தம் செய்யவோ உரிமை இல்லை. கடவுச்சீட்டை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்வது பரவலான நடைமுறையாக இருந்தது. எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் குடியுரிமை எட்டாக்கனி. பிற்காலத்தில் சட்டங்கள் சில திருத்தப்பட்டன. ஆனால் ஊரிலேயே முகவரிடம் பட்ட கடனோடு விமானம் ஏறுபவர், முதல் சில ஆண்டுகள் கடனுக்காகவே உழைக்கிறார். முன்பணம் வாங்கிக் கடலில் குதித்த பழைய முத்துக்குளிப்பவரின் நிலைக்கும் இவருடைய நிலைக்கும் உள்ள தொலைவு அதிகமில்லை. ஒருவர் கடலடியில் உழைத்தார். மற்றவர் சாரத்தின் மீது உழைத்தார்.

ஆட்சியாளர் வாங்கிய கடன் நகரைக் கட்டியது. தொழிலாளி வாங்கிய கடன் அவரைக் கட்டிப்போட்டது. இரண்டும் ஒரே நகரின் அடித்தளத்தில் கிடக்கின்றன. முதலாவதைப் பற்றி நூல்கள் பல வந்துவிட்டன. இரண்டாவது, அடகுக் கடைச் சீட்டுகளிலும் வீட்டுப் பெண்கள் எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்களிலும் மட்டுமே பதிவாகியிருக்கிறது. இந்தப் பழியை ராஷித் ஒருவர் மீது சுமத்துவது நியாயமன்று. கடன் கொடுத்தவர்களும் முகவர்களும் நம் ஊர்க்காரர்கள்; அவர்களைக் கட்டுப்படுத்தத் தவறியது நம் நிர்வாகம். ஆனால் 1938இல் வணிகர்களுக்கு மறுக்கப்பட்ட கணக்குக் கேட்கும் உரிமை, பின்னர் வந்த தொழிலாளர்களுக்கும் கிடைக்கவில்லை என்பதை அவருடைய வாழ்க்கைக் கணக்கில் எழுதியே ஆக வேண்டும்.

எதைப் பின்பற்றுவது?

1981இல் பக்கவாதம் ராஷிதைப் படுக்கையில் தள்ளியது. அதன்பின் அவர் பழைய சுறுசுறுப்புக்குத் திரும்பவில்லை. ஆட்சிப் பொறுப்பை மகன்கள் பகிர்ந்து நடத்தினர். 1983இல் மனைவி லத்தீஃபா மறைந்தார். 1990 அக்டோபர் 7இல் ராஷித் காலமானார். இன்று உலகம் வியக்கும் கோபுரங்களையும் செயற்கைத் தீவுகளையும் ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயிலையும் அவர் பார்க்கவில்லை. அவர் பார்த்துப் பார்த்துக் கட்டியவை கழி, பாலம், ஓடுபாதை, துறைமுகம் ஆகியவையே.

எங்கள் ஊரைத் துபாய் ஆக்குவோம் என்று நம் நாட்டில் தேர்தல்தோறும் யாராவது ஒருவர் வாக்களிக்கிறார். கேட்கும்போது மக்கள் மனத்தில் தோன்றுவது கோபுரங்களே. கோபுரங்கள் இந்தக் கதையின் கடைசி அத்தியாயம். முதல் அத்தியாயம் தூர்வாரல். வாங்கிய கடன் எந்த வேலையால் அடைபடும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்த தெளிவும், வணிகரிடம் சொன்ன சொல்லைக் காத்த நாணயமும், ஒரே வருமானத்தை நம்பாத எச்சரிக்கையும் ராஷிதிடமிருந்து நாம் கற்க வேண்டியவை.

அவரிடமிருந்து கற்கக் கூடாததும் ஒன்று உண்டு. எவரும் கேள்வி கேட்காத இடத்தில் வேலை விரைவாக நடக்கும் என்பது உண்மை. அந்த விரைவின் விலையைப் பேசமுடியாதவர்கள் செலுத்தினார்கள் என்பதும் உண்மை. நம் நாட்டில் திட்டங்கள் தாமதமாகும்போது பொறுமையிழந்து, மக்களாட்சியே தடை என்று சலித்துக்கொள்வோர் படித்தவர்களிலேயே பெருகிவருகிறார்கள். அவர்கள் 1939ஆம் ஆண்டின் அந்தத் திருமண நாளையும், என் மாணவரின் தந்தையையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு என் பாடக் குறிப்பைத் திருத்தினேன். எண்ணெய் நாடுகளின் பட்டியலிலிருந்து துபாயை எடுத்துவிட்டு, கடனும் வளர்ச்சியும் என்ற தலைப்பின் கீழ் எழுதினேன். அதன்கீழ் இரண்டு வரிகளைச் சேர்த்தேன். ஒன்றில் கழியைத் தூர்வார ஆட்சியாளர் வாங்கிய கடன்; மற்றொன்றில் பயணத்துக்காக ஒரு தொழிலாளி வாங்கிய கடன். முதலாவது எத்தனை ஆண்டுகளில் பலன் தந்தது என்று தேர்வில் கேட்பேன். இரண்டாவதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் வகுப்பில் அதைப் பற்றித்தான் மாணவர்கள் நெடுநேரம் பேசினார்கள்.